பழைய கண்ணாடி, புதுக் காமிரா

நம்முடைய வீடுகளில் பரண் என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு சாமானைத் தூக்கி எறிய மனம் வராமலும், கீழே வைத்துக்கொள்ளக் காரணம் தெரியாமலும் திண்டாடும்போது அதைப் பரணில் ஏற்றி விடுகிறோம். பாட்டனார் காலத்து டிரங்குப் பெட்டி, ஒரு கால் இழந்த முக்காலி, மூடி தொலைந்து போன ஜாடி ஆகியவற்றுக்கெல்லாம் அது ஒரு பென்ஷன் ஸ்தலம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் போது அவற்றைக் கீழே இறக்கித் தூசி தட்டுவதும், "இது எதற்கு?" என்று ஒருவர் கேட்பதும், "இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று மற்றொருவர் சொல்வதும், மறுபடி அவை மேலே ஏறுவதும் வருஷந்தோறும் தவறாமல் நடக்கும் சடங்கு.

வீட்டைப் பிரித்துக் கட்டும் சமயம் வந்தால் மட்டும் இந்தச் சடங்கு தடைப்பட்டுப் போகிறது. இரண்டு வருஷங்களுக்கு முன் என் தாய்மாமன் வீட்டில் அப்படி ஒரு சமயம் வந்தது. பரணிலிருந்து இறங்கிய ஒரு தோல் பைக்குப் பழைய சாமான் வியாபாரி 200 ரூபாய் மதித்தார். பைக்கு என்று சொல்வதைவிட, அதற்குள் இருந்த உலோகத்தின் எடைக்கு என்று சொல்வதே பொருந்தும். அந்தப் பையில் இருந்த லென்ஸ் ஒன்று இன்று என் வீட்டில் வேலை செய்து கொண்டிருக்கிறது. அது எவ்விதம் வேலைக்குத் திரும்பியது, அவ்வளவு காலமும் அதற்குத் தடையாக இருந்தது என்ன என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் வத்திராயிருப்பில் பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயன். ஆகையால் நடுவில் சிறிது கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான்.

மாமா 1978-ஆம் வருஷம் எங்கள் ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ திறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. விருதுநகர் ஜில்லா என்று ஒன்று இன்னும் பிறக்காத காலம். எங்கள் ஊர் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. அவர் வாங்கியது ருஷ்ய தேசத்து 'ஸெனித்' காமிரா. அந்நாட்டுடன் நமக்கு ரூபாயிலேயே வியாபாரம் நடந்த காலம் அது. ஜப்பானியக் காமிராக்கள் எட்டாத உயரத்தில் இருந்தபோது, ருஷ்யக் காமிரா ஒரு வாலிபனுடைய கைக்கு எட்டக்கூடியதாய் இருந்தது. பாட்டரி கிடையாது. வெளிச்சத்தை அளக்க முகப்பில் ஒரு செலீனியக் கருவி. மற்றபடி எல்லாம் பல் சக்கரமும் சுருள் வில்லும். அதனுடன் வந்த லென்ஸின் பெயர் 'ஹீலியோஸ் 44-2'.

அந்தக் காமிராவைக் கொண்டு மாமா எங்கள் ஊர் முழுவதையும் படம் பிடித்தார் என்றால் மிகையாகாது. பெண் பார்க்க அனுப்பும் படம், ரேஷன் கார்டுக்குப் படம், பள்ளிக்கூடத்து வருஷ முடிவில் குரூப் படம், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறி வந்தவர்கள் கூட்டமாய் நின்று எடுத்துக்கொண்ட படம் என்று எல்லாம் அவர் கையால் ஆனவை. உதகமண்டலத்தில் 1960-ல் ஸ்தாபிக்கப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலையின் 'இந்து' பிலிமும் காகிதமும் ஸ்டூடியோவின் இருட்டறையில் அடுக்கி இருக்கும். சிறுவனாய் இருந்தபோது அந்த அறையின் சிவப்பு விளக்கில், தொட்டியில் மிதக்கும் வெள்ளைக் காகிதத்தில் மூக்கும் முழியும் மெள்ள எழும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு நான் பௌதிகத்தை எடுத்துப் படித்ததற்கு அந்தத் தொட்டியும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் புகைப்படம் என்பது குருவை அண்டிக் கற்க வேண்டிய வித்தை. ஏ. கே. செட்டியார் 1930-களில் அதைக் கற்பதற்காகவே ஜப்பானுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் சென்றார். பின்னர் தேச தேசாந்தரங்களில் அலைந்து படச்சுருள்களைத் திரட்டி, 1940-ல் மகாத்மா காந்தியின் வாழ்க்கையைப் படமாக வெளியிட்டார். அத்தனை பெரிய காரியம் என் மாமாவுக்கு வாய்க்கவில்லை. ஆனால் வெளிச்சத்தைப் பார்த்த மாத்திரத்தில் "எட்டு, நூற்றிருபத்தைந்து" என்று துவாரத்தின் அளவையும் வினாடியின் பங்கையும் சொல்லிவிடும் தேர்ச்சி அவரிடம் இருந்தது.

பிறகு டிஜிடல் காமிரா வந்தது. அதன் பின்னால் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு காமிரா வந்தது. 2010-ல் மாமா ஸ்டூடியோவை மூடினார். தொழில் நசித்தது ஒரு காரணம்; மற்றொரு காரணத்தை அவர் வெளியில் சொல்வதில்லை. காமிராவின் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்வதற்கு அவருடைய கண் ஒத்துழைக்கவில்லை. கண்புரைச் சிகிச்சைக்குப் பின்னும் வலது கண்ணில் மங்கல் நீங்கவில்லை. தோல் பை பரணுக்கு ஏறியது. அன்று முதல் எந்தக் கல்யாணத்திலும் மாமா படமெடுப்பவர் நிற்கும் பக்கமே போகமாட்டார். நேரே பந்திக்குப் போய்விடுவார்.

நிற்க. மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் தான் சேர்த்து வைத்திருந்த பணத்துடன் என்னிடமும் ஒரு தொகை பெற்று, சோனி கம்பெனியின் ஆடியில்லாக் காமிரா ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி வந்தாள். அதனுடன் வந்த லென்ஸ் பகல் வெளிச்சத்துக்குப் போதும். வீட்டுக்குள் மனிதர் முகத்தைப் படமெடுக்க, அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் வேண்டும் என்றாள். விலை விசாரித்தோம். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கேட்டார்கள். "ஆகட்டும் பார்க்கலாம்" என்றேன். குடும்பஸ்தர்கள் இந்த வார்த்தைக்கு அர்த்தம் அறிவார்கள், பிள்ளைகளும் அறிவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தோல் பை கீழே இறங்கியது. மகள் ஹீலியோஸ் லென்ஸை எடுத்து முகப்பில் இருந்த எழுத்தைப் படித்தாள். குவிதூரம் 58 மில்லிமீட்டர்; திறப்பு எஃப் 2. அவள் கடையில் விலை கேட்டு வந்த லென்ஸும் ஏறக்குறைய இதே வகைதான். வியாபாரி தராசை எடுக்கப் போனார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்து விட்டாள்.

பழைய லென்ஸைப் புதுக் காமிராவில் பொருத்த முடியுமா? 2008-க்கு முன்னால் என்றால், பெரும்பாலும் முடியாது என்றோ, அரைகுறையாக முடியும் என்றோதான் பதில் வந்திருக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

ஸெனித் போன்ற காமிராவின் வயிற்றில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே, ஓர் ஆடி சாய்வாக நிற்கும். லென்ஸ் வழியே வரும் பிம்பத்தை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுவது அதன் வேலை. படம் எடுக்கும் கணத்தில் அது படாரென்று மேலே எழும்பி வழிவிடும். அந்த ஆடி எழும்பி இறங்க இடம் வேண்டுமல்லவா? ஆகவே லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து பிலிம் வரைக்கும் நாலரை சென்டிமீட்டர் அளவுக்கு வெற்றிடம் விட்டுக் காமிராவைக் கட்டினார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அளவு. டிரெஸ்டன் நகரில் 1949-ல் வெளியான கான்டாக்ஸ் எஸ் காமிராவோடு பரவிய 42 மில்லிமீட்டர் திருகு முறைக்கு 45.46 மில்லிமீட்டர். நிக்கான் 1959-ல் கொண்டு வந்த எஃப் முறைக்கு 46.5. மாமாவின் ஸெனித் மேற்படி திருகு முறையைச் சேர்ந்தது.

லென்ஸ் என்பது இந்தத் தூரத்துக்குக் கட்டுப்பட்ட பிராணி. 45.46 மில்லிமீட்டருக்கு அப்பால் பிம்பம் விழும்படி அதைச் செய்திருக்கிறார்கள். நிக்கானின் ஆடிக் காமிராவிலோ விளிம்பே 46.5-ல் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்தான் அதிகம். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரால் தொலைவில் உள்ள பொருள் எதுவும் தெளிவாக விழாது. நடுவில் வேறொரு கண்ணாடியைச் செருகிச் சரிக்கட்டலாம். ஆனால் அந்தக் கண்ணாடி சாமானியமானதாக இருந்தால், நல்ல லென்ஸும் அதோடு சேர்ந்து கெட்டுப் போகும்.

2008-ல் பானஸோனிக் கம்பெனி வெளியிட்ட ஜி1 என்ற காமிராவில் அந்த ஆடியை எடுத்துவிட்டார்கள். பிம்பம் நேரே சென்ஸார் தகட்டில் விழுகிறது. அங்கிருந்து ஒரு சிறு திரைக்கு வருகிறது. ஆடி போனதும் அதற்காக விட்டிருந்த இடமும் வேண்டாமற் போயிற்று. 2010-ல் வந்த சோனியின் முறைக்கு 18 மில்லிமீட்டர் போதுமானதாயிற்று. 2018-ல் நிக்கான் தன் புது முறைக்கு 16 மில்லிமீட்டர், கானன் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டன. காமிராவை மெல்லியதாக்குவதற்குச் செய்த ஏற்பாடு இது. பழைய லென்ஸ்களுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்ற நோக்கம் அதில் பிரதானமாய் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அதன் பலன் அவற்றுக்குக் கிடைத்தது.

இப்போது கழித்தல் கணக்கு. லென்ஸ் கேட்பது 45.46. காமிரா கொடுப்பது 18. மிச்சம் 27.46 மில்லிமீட்டர். இந்த நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய் செய்து, ஒரு முனையில் 42 மில்லிமீட்டர் திருகும், மறு முனையில் சோனியின் பூட்டும் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. இதை 'அடாப்டர்' என்கிறார்கள். அதற்குள் கண்ணாடி இல்லை, மின்சாரக் கம்பி இல்லை, ஒன்றும் இல்லை. ஆடி எந்த இடத்தைக் காலி செய்து போயிற்றோ, அந்த இடத்தைத் திரும்பக் கொடுக்கும் வெற்றுக் குழாய் அது. விலை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. தபாலில் வரவழைத்தோம்.

அது வருவதற்குள் மாமா லென்ஸைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, "பூசணம் பிடிச்சிருக்கு, மாப்பிள்ளை" என்றார். முன் கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி வலை போல மெல்லிய நரம்புகள் ஓடியிருந்தன. தோல் பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிக் கிடந்த லென்ஸுக்கு இது நேர்வது சகஜம். பூசணம் கண்ணாடியின் மேல் பூசிய மெல்லிய பூச்சைத் தின்னத் தொடங்கியிருந்தால் தழும்பு போகாது. தின்னத் தொடங்குமுன் கண்டால் துடைத்து விடலாம். எழுபத்தோரு வயதில், நடுங்குகிற கை என்று தாமே சொல்லிக்கொண்டிருந்தவர், தம் பழைய கருவிப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். முன் வளையத்தைக் கழற்றினார். கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். இறுகிப் போன கிரீஸை வழித்துப் புது கிரீஸ் இட்டார். அந்த ஒரு மணி நேரமும் கை நடுங்கியதை நான் பார்க்கவில்லை. ஓரத்தில் மிளகளவு தழும்பு ஒன்று மட்டும் தங்கிவிட்டது. "இது படத்துல தெரியாது. எதிர் வெயில்ல மட்டும் கொஞ்சம் பூத்தாப்போல வரும்" என்றார்.

அடாப்டர் வந்தது. லென்ஸைத் திருகிக் காமிராவில் பூட்டினோம். லென்ஸ் இல்லாதது போலக் காமிரா பேசாமல் இருந்தது. அதனோடு சம்பாஷிக்க இந்த லென்ஸில் மின் தொடர்பு ஏது? லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம் என்று காமிராவின் அமைப்பில் ஓர் உத்தரவு இருக்கிறது. அதை மாற்றியதும் பிம்பம் தெரிந்தது. முற்றத்துத் துளசி அற்புதமாய் விழுந்தது. மொட்டை மாடிக்குப் போய் மேற்கே மலையைப் பார்த்தோம். மலை பஞ்சுப் பொதி போல இருந்தது. லென்ஸின் வளையத்தைக் கடைசி வரை திருகியும் தெளியவில்லை.

மகள், "லென்ஸ் கெட்டுப் போச்சா தாத்தா?" என்றாள். மாமாவின் முகம் சுண்டிவிட்டது. அவர் பதில் சொல்லாமல் கீழே இறங்கிப் போனார்.

இங்கேதான் பெருக்கலும் வகுத்தலும் வருகின்றன. தெரு முனையில் உள்ள குழாயடி வரை தெளிவாக இருந்தது. அதற்கப்பால் போகப் போக மங்கல். மாடியிலிருந்து அந்தத் தூரத்தை அளந்தால் சுமார் 11 மீட்டர். குவிதூரமான 58-ஐ 58-ஆல் பெருக்கினால் 3364. அதை 11 மீட்டராகிய 11,000 மில்லிமீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 0.3. குழாய் 0.3 மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருந்தால் இப்படித்தான் நேரும். குற்றம் லென்ஸினுடையதல்ல. மூன்று தலைமயிரின் கனம் இருக்குமோ இராதோ, அவ்வளவு தூரம் உலோகம் அதிகமாகி, மலையை மறைத்துவிட்டது! இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு மாமாவிடம் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. "அப்போ லென்ஸ் நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "இருக்கிறது, மாமா" என்றேன்.

ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர் போன ஊர். மில் சாமான்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்றுக்கு மாமாவும் நானும் போனோம். பட்டறைக்காரர் குழாயை மைக்ரோமீட்டரில் வைத்து நாலு இடத்தில் அளந்து, "இருபத்தேழு புள்ளி ஏழு ஆறு, அண்ணாச்சி" என்றார். என் கணக்கு ஒத்து வந்ததில் எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் வெளிக்காட்டிக் கொள்ளவில்லை. பூட்டுத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, குழாயின் முன் விளிம்பை லேத்தில் கொடுத்து ஒரு சீவு சீவினார். "ஒரு மயிரிழை கூடவே எடுத்துடுங்க" என்றார் மாமா. அது சரியான யோசனை. குழாய் சற்றே குட்டையானால் லென்ஸின் வளையம் தொலைதூரக் குறியைக் கடந்து கொஞ்சம் போகும், அதனால் நஷ்டமில்லை. நீளம் கூடினால்தான் மலை போய்விடும். கடைந்த தூளைப் பிரஷ்ஷால் சுத்தமாகத் துடைத்தோம். ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் சென்ஸார் தகடு கீறிவிடும். கூலியாகப் பட்டறைக்காரர் பணம் வாங்கவில்லை. அவருடைய கல்யாணப் படம் மாமா எடுத்ததாம்.

மறுநாள் காலை மலை, பாறை பாறையாக, மரம் மரமாக விழுந்தது.

இனி உபயோகிக்கும் முறை. இந்த லென்ஸில் தானே ஃபோகஸ் ஆகும் வித்தை இல்லை. வளையத்தைக் கையால் திருக வேண்டும். புதுக் காமிரா இதற்கு இரண்டு உதவிகள் செய்கிறது. தெளிவாக விழுந்த விளிம்புகளுக்குச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ கோடு போட்டுக் காட்டும். அல்லது ஒரு பொத்தானை அழுத்தினால் பிம்பத்தின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கித் திரையில் காட்டும். இந்த இரண்டாவது உதவியை மகள் மாமாவுக்குக் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த என்னுடைய கண் ஒன்று திரை முழுவதையும் அடைத்து நின்றது. இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாய்த் தெரிந்தது. மாமா இடது கண்ணால் அதைப் பார்த்தார். மெள்ள வளையத்தை இப்படியும் அப்படியும் திருகினார். மயிர் மங்கியது, தெளிந்தது, மங்கியது, தெளிந்தது. "தெரியுதே!" என்றார். பதினான்கு வருஷம் அவர் சொல்லாதிருந்த அந்தக் காரணம் அந்த ஒரு வார்த்தையில் வெளிவந்து விட்டது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தாயார் மாமாவின் தமக்கை. எழுபத்து நான்கு வயது. 1981-ல் கைக்குழந்தையாகிய என்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருக்கும் படம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. இதே ஹீலியோஸ் எடுத்த படம். இதற்கப்பால் அவரை ஒழுங்காய் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. டெலிபோனில் எடுத்தவை நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் டெலிபோன் அவர் முகத்துச் சுருக்கங்களைத் தானாகவே இஸ்திரி போட்டுவிடுகிறது. சென்ற தை மாதத்தில் தாயார் ஜுரத்தில் படுத்து எழுந்தார். எழுந்ததும், "தம்பி, என்னை ஒரு படம் எடுத்து வச்சிருடா" என்று மாமாவிடம் சொன்னார். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வயதில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா அவரை வாசற்படிக்கு உட்புறமாய், தெரு வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழும்படி உட்கார வைத்தார். மகளின் காமிராவில் சென்ஸார் தகடு பழைய பிலிம் கட்டத்தைவிடச் சிறியது. ஒன்றரை மடங்கு கணக்கில் 58 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் 87-ஐப் போல வேலை செய்யும். முகத்தை எடுப்பதற்கு அதுதான் பழங்காலத்திலிருந்து எல்லோரும் விரும்பும் அளவு. மாமா திறப்பை 2.8-க்கு வைத்தார், திரையில் தமக்கையின் கண்ணைப் பெருக்கிப் பார்த்தார், நெடுநேரம் வளையத்தைத் திருகினார். "என்னடா, இன்னும் எவ்வளவு நேரம்? அன்னிக்கும் இப்படித்தான் உக்கார வச்சே, இவன் அழுதே தீர்த்துட்டான்" என்று தாயார் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் மாமா அழுத்திவிட்டார்.

படம் இப்போது 1981-ஆம் வருஷத்துப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுருக்கங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன. பின்னால் முற்றத்து வெளிச்சப் புள்ளிகள் ஓரங்களில் நீண்டு, சுழன்றாற் போல விழுந்திருக்கின்றன. இது அந்த லென்ஸின் பிறவிக் குணம். ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியார் 1930-களில் செய்த 'பயோடார்' லென்ஸின் வழியில் ருஷ்யர்கள் செய்தது இது. ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் நிபுணர்கள் இந்தச் சுழலைக் குற்றம் என்பார்கள். இன்று இளைஞர்கள் அதற்காகவே இதைத் தேடுகிறார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி முடித்தால் உபாத்தியாயன் தர்மம் ஆகாது. புது லென்ஸ்கள் பல விஷயங்களில் உயர்ந்தவை. எதிர் வெயிலில் பழைய லென்ஸ் வெளிறிப் போகும். திறப்பை முழுவதும் திறந்தால் ஓரங்கள் மெத்தென்று விழும். ஓடுகிற குழந்தையையும், எங்கள் மலைக்காட்டில் கிளைக்குக் கிளை தாவும் சாம்பல் நிற மலையணிலையும் இதைக் கொண்டு பிடிப்பது பிரயாசை. அந்த அணிலுக்காக 1988-ல் ஒரு சரணாலயமே ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் நாம் வளையத்தைத் திருகி முடிக்கும் வரை அது காத்திருப்பதில்லை. எந்தத் திறப்பில் எடுத்தோம் என்ற தகவலும் படத்தோடு பதியாது. கையால் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1960-களின் சில லென்ஸ்களில், உதாரணமாக டாகுமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 வகைகள் சிலவற்றில், தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. நாளடைவில் அது மஞ்சளிக்கும். வெயிலில் வைத்தால் மஞ்சள் குறையும். அதைப் படமெடுக்க உபயோகிக்கலாம். உடைந்தால் தூளைத் தொடக் கூடாது. கண்ணாடியை அரைத்துப் பார்க்கவும் கூடாது. மேலும், தேடுவோர் பெருகியதால் பழைய லென்ஸ்களுக்கும் இப்போது விலை ஏறி வருகிறது. இல்லாததைப் புதிதாகத் தேடி வாங்குவது ஒரு மோகம். வீட்டில் இருப்பதை உபயோகத்துக்குக் கொண்டு வருவது சிக்கனம். நான் பேசுவது பின்னதைப் பற்றி மட்டுமே.

ஆகவே, வீட்டில் பழைய காமிரா வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். லென்ஸ் தனியாகக் கழலுமா என்று பாருங்கள். கழலுமானால் அதன் முறை என்னவென்று விசாரியுங்கள். திருகா, பூட்டா என்பது முதல் கேள்வி. ருஷ்ய லென்ஸானால் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் அது பிறந்த வருஷத்தைச் சொல்லும். மாமாவினுடையதில் 78 என்று இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள். தோல் பையிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் ஸிலிகா பொட்டலத்தோடு வையுங்கள். உங்கள் ஊரில் மூடிய ஸ்டூடியோ ஏதேனும் இருந்தால், அதை நடத்தியவரைக் கலந்து யோசனை கேளுங்கள். லென்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கடைச் சிப்பந்திகளுக்குத் தெரியாது. அவரிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒளியியல் பாடம் வரும்போது இப்போது மாமாவை வகுப்புக்கு அழைக்கிறேன். குவிதூரம் என்றால் என்னவென்று நான் பலகையில் எழுதுகிறேன். அவர் பையன்கள் கையில் லென்ஸைக் கொடுத்து வளையத்தைத் திருகச் சொல்கிறார். படம் எடுத்த ஒவ்வொரு பையனும் திறப்பையும், வேகத்தையும், வெளிச்சத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது அவர் விதித்த சட்டம். அந்த நோட்டின் அட்டையில் மாமாவின் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது. 2010-க்கு முன் வாங்கி எழுதாமல் வைத்திருந்தது. முன்பக்கத்துத் தேதி சென்ற ஜூன் மாதம். இது வரையில் நாற்பத்து மூன்று படங்கள் ஏறியிருக்கின்றன.